கோபுரம் பின்னால் சாய்கிறதா? கட்டடப் படங்களை நிமிர்த்தும் முறை

மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயிலின் ராஜகோபுரத்தைக் கிட்டத்தில் நின்று போனில் எடுத்துப் பாருங்கள். 11 நிலைக் கோபுரம் அப்படியே மல்லாக்கச் சாய்கிற மாதிரி விழும். போனை அண்ணாந்து பிடிப்பதுதான் காரணம். போனுக்குள் படத்தைப் பதிக்கும் சென்சார் சுவருக்கு இணையாக இருக்கும்வரை நிமிர்ந்த கோடுகள் நிமிர்ந்தே பதியும். போனைச் சாய்த்ததும் அவை உச்சியை நோக்கி ஒன்றையொன்று நெருங்க ஆரம்பிக்கும்.

இதைத் திருத்துவது சுலபம்தான். ஆனால் டெல்டாவில் படம் எடுக்கும் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது: கோபுரம் இயல்பிலேயே மேலே போகப் போகக் குறுகும். பழக ஆரம்பித்த புதிதில் ஒரு மென்பொருளில் தானியங்கிப் பொத்தானை அழுத்தினேன். அது கோபுரத்தின் இரண்டு ஓரங்களையே செங்குத்து என்று எடுத்துக்கொண்டு விரித்துவிட்டது. தாத்தாவிடம் காட்டினேன். “உச்சி ஏன்டா இவ்வளவு அகலம்? கலசமெல்லாம் தள்ளித் தள்ளி நிக்குதே” என்றார். ஊர்க்காரர் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். அதனால் எந்தக் கோட்டை நம்புவது என்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

1. எடுக்கும்போதே பாதி வேலையை முடியுங்கள்

கேமரா அமைப்பில் கிரிட் கோடுகளை ஆன் செய்துகொள்ளுங்கள். அப்புறம் முடிந்த மட்டும் பின்னால் போங்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் சுமார் 66 மீட்டர். அதே அளவு தூரத்தில் நின்றால்கூட உச்சியைப் பார்க்க 45 டிகிரி அண்ணாந்தாக வேண்டும். 100 மீட்டர் தள்ளி, பிரகாரத்தின் கிழக்கு மூலைப் பக்கம் போய்விட்டால், போனை நெட்டாக, துளியும் சாய்க்காமல் பிடித்தாலே வழக்கமான மெயின் கேமராவில் கலசம்வரை அடங்கிவிடும். படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக இருக்கும், பரவாயில்லை. அதை வெட்டிவிட்டால் திருத்தமே தேவைப்படாது.

பின்னால் போக இடமில்லாவிட்டால் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும்.

2. நம்பகமான கோட்டைத் தேடுங்கள்

கோபுரத்தின் மேற்பகுதி செங்கல்லும் சுதையும். அதன் சரிவைத் தொடவே வேண்டாம். கீழே உள்ள கல் கட்டுமானத்தின் அரைத்தூண்களும் வாசலின் நிலைக்கால்களும் தூக்குக்குண்டு வைத்துக் கட்டியவை, அவற்றைப் பிடியுங்கள். பெரிய கோயிலில் விமானத்தின் அடியில் இரண்டு அடுக்குச் சுவர் நேராக ஏறுகிறது, சரிவு அதற்கு மேல்தான் தொடங்குகிறது. மன்னார்குடியில் கோபுரத்துக்கு முன்னால் ஒற்றைக் கல்லாலான கருட கம்பம் நிற்கிறது. கம்பமும் மேலே சற்று மெலிவதால் அதன் ஓரத்தை எடுக்காமல் நடுக்கோட்டை மனதில் வரைந்துகொள்ளுங்கள். தெருவிளக்குக் கம்பத்தை மட்டும் நம்பாதீர்கள். பாதிக்கு மேல் சாய்ந்தவை.

படுக்கைக் கோட்டுக்குக் குளத்தின் எதிர்க்கரையில் நீர் தொடும் விளிம்பு நல்ல ரசமட்டம். அந்தக் கரைக்கு நேர் எதிரே நின்று எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

3. போனில் திருத்துவது

படம் திருத்தும் ஸ்நாப்சீட் செயலி இலவசம். முதலில் ரொட்டேட் கருவியில் படுக்கைச் சாய்வைச் சரிசெய்யுங்கள். பிறகு பெர்ஸ்பெக்டிவ் கருவியைத் திறந்து, விரலை மேலும் கீழுமாக மெதுவாக நகர்த்துங்கள். நீங்கள் தேர்ந்த இரண்டு தூண்களும் இணையாகும்போது நிறுத்துங்கள். காலியாகும் மூலைகளை அதுவே நிரப்பிக்கொள்ளும். வானம் என்றால் சரி, சிற்பம் இருக்கும் இடமென்றால் கூடாது. இல்லாத பொம்மை ஒன்று முளைத்துவிடும். அங்கே கிராப் செய்வதுதான் நேர்மை.

4. கணினியில்

கிம்ப் மென்பொருளும் இலவசம். பெர்ஸ்பெக்டிவ் கருவியை எடுத்து, அதன் திசையைக் கரெக்டிவ் என்று மாற்றுங்கள். படத்தின் மேல் ஒரு கட்டக் கோடு விழும். மேல் மூலைகள் இரண்டையும் உள்நோக்கி இழுத்து, கட்டக் கோடுகள் சாய்ந்த தூண்களோடு ஒட்டி ஓடும்படி வையுங்கள். டிரான்ஸ்ஃபார்ம் அழுத்தினால் சாய்ந்தது நிமிரும்.

5. அளவு கெட்டதா என்று பாருங்கள்

நிமிர்த்திய படம் குட்டையாகவோ நெட்டையாகவோ மாறியிருக்கலாம். படத்தில் வட்டமான ஏதாவது இருக்கிறதா? திண்ணையில் சாய்த்த சைக்கிள் போதும். சக்கரம் முட்டை வடிவமானால் உயரத்தை மட்டும் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள்.

மிகக் கிட்டத்தில் எடுத்த கோபுரத்தை முழுவதும் நிமிர்த்த வேண்டாம். அண்ணாந்து பார்த்தால் கொஞ்சம் ஒடுங்கித் தெரிவது கண்ணுக்குப் பழகிய விஷயம். அதைத் துடைத்துவிட்டால் உச்சி கனத்து முன்னால் விழுகிற மாதிரி ஆகிவிடும். நான் கால்வாசிச் சாய்வையாவது விட்டுவைப்பேன்.

கும்பகோணத்து ஓட்டு வீடுகளை எடுக்கும்போது இன்னொரு விஷயத்தையும் பாருங்கள். தெரு குறுகல், எதிர்த் திண்ணையில் ஏறி நின்றுதான் எடுக்க முடியும். படத்தில் நிலைக்கதவு நேராகிவிட்டது, ஆனால் திண்ணையின் மரத்தூண் ஒன்று மட்டும் இன்னும் சாய்வாக இருக்கிறது என்றால் திரும்ப இழுக்காதீர்கள். கிட்டப் போய்ப் பாருங்கள், அடியில் மரம் உளுத்து, தூண் நிஜமாகவே சாய்ந்திருக்கும். அது அப்படியே படத்தில் இருக்கட்டும்.