ஆராதனை நேரலைக்குத் தொலைவிலிருந்து ஒலிக்கலவை செய்வது எப்படி?

ஆலயத்துக்குள் ஒலிக்கும் கலவையை அப்படியே நேரலைக்கு அனுப்பக் கூடாது. அங்கே டிரம்ஸும் சபையாரின் பாடலும் நேரடியாகவே காதை எட்டிவிடுவதால் மிக்ஸரில் அவற்றை யாரும் கூட்டி வைப்பதில்லை. வீட்டில் கேட்பவருக்கோ அவை காணாமற்போய், பாடகரின் குரல் மட்டும் வறண்டு ஒலிக்கும். எனவே ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் ஃபேடருக்கு (மிக்ஸரில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்திக்கு) முன்பாகவே பிரித்தெடுத்து, 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் தனித்தனித் தடங்களாக ஆலயத்திலுள்ள கணினிக்குக் கொண்டுசெல்லுங்கள். கலவை அந்தக் கணினியிலேயே நடக்கட்டும். தொலைவில் இருப்பவர் விபிஎன் (இணையத்தின் வழியே அமையும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக அதை இயக்கினால் போதும். அவருடைய இணைப்பு அறுந்தாலும் ஒலி நிற்காது என்பதாலேயே இந்த ஏற்பாட்டை வலியுறுத்துகிறேன்.

சபையாரை நோக்கி இரண்டு மைக்குகளை வைத்து, பாடலின்போது அவற்றை உயர்த்தி, பிரசங்கம் தொடங்கியதும் மெல்லத் தாழ்த்துங்கள். ஆனால் தொலைவிலிருப்பவருக்கு ஒலி சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். ஆகையால் கடைசிச் சரணம் முடியும் முன்பே போதகரின் மைக்கைத் திறந்துவிட வேண்டும், இல்லையேல் “ஜெபிப்போம்” என்ற முதல் சொல்லே விழுங்கப்பட்டுவிடும்.

ஒரு கைதட்டலைப் படம்பிடித்துப் பார்த்து, காட்சியோடு பொருந்தும்வரை ஒலியை மில்லிவினாடிக் கணக்கில் தாமதப்படுத்துங்கள். ஒலியின் உச்சம் -1 டெசிபலைத் தாண்டாதபடி லிமிட்டர் (ஒலி குறித்த அளவை மீறாமல் தடுக்கும் கருவி) அமைத்து, கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.