ரெய்டு கார்டு மாற்றும்போது இமேஜுக்கு முன்னால் டிரைவர்

எங்கள் கணக்குப் பிரிவு சர்வரில், பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் பழைய ரெய்டு கார்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட ஆரம்பித்தது. டிஸ்க்கை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், பலனில்லை. சரி என்று வேறு வகைக் கார்டு வாங்கி, விண்டோஸ் சர்வர் 2016-ஐ அப்படியே இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) எடுத்து அதில் இறக்கினேன். இறக்கியது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதை பூட் ஆக வைக்கத்தான் விடிந்துவிட்டது.

படி 1: பழைய கார்டு இருக்கும்போதே புது டிரைவர்

இதைத்தான் நான் விட்டுவிட்டேன். பூட் ஆகும்போது முதல் சில நொடிகள் பயாஸ்தான் டிஸ்க்கைப் படித்துக் கொடுக்கிறது. அப்புறம் விண்டோஸின் மையப் பகுதியான கர்னல், தன் சொந்த டிரைவரோடு (கார்டை இயக்கும் மென்பொருள்) கார்டிடம் பேச வேண்டும். அந்த டிரைவர் இல்லையென்றால் 0x7பி என்ற நீலத்திரை வந்து நின்றுவிடும். தரவு ஒன்றும் கெட்டிருக்காது.

அதனால் பழைய கார்டைக் கழற்றாமல், காலி ஸ்லாட்டில் புதியதையும் செருகுங்கள். அதில் ஒரு காலி டிஸ்க்கை மாட்டி, கார்டின் செட்டப்பில் சின்னதாக ஒரு வர்ச்சுவல் டிஸ்க் (கார்டு விண்டோஸுக்கு ஒரு டிஸ்க்காகக் காட்டுவது) உருவாக்குங்கள். விண்டோஸுக்குள் போய் டிரைவரை நிறுவுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிஸ்க் தெரிய வேண்டும். இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்து, மறுபடியும் தெரிகிறதா என்று பாருங்கள்.

படி 2: இமேஜ்

இந்த வேலைக்கு குளோன்ஜில்லா என்ற இமேஜ் மென்பொருள்தான் என் தேர்வு. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே இமேஜ் எடுக்கும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் யாரும் கணக்கில் பதிவு போட முடியாத நிலையில், சர்வரை நிறுத்தி பென்டிரைவிலிருந்து பூட் செய்து எடுப்பதைத்தான் நான் நம்புகிறேன். விண்டோஸின் டிஸ்க் குறியாக்கமான பிட்லாக்கர் இருந்தால் முன்பே நிறுத்திவையுங்கள். முடிவில் இமேஜைச் சோதிக்கவா என்று கேட்கும். நேரமானாலும் ஆம் என்றே சொல்லுங்கள்.

படி 3: புது அர்ரே

பழைய டிஸ்க்குகளில் ஸ்லாட் எண்ணை எழுதி ஒட்டி, எடுத்து வையுங்கள். திரும்பிப் போக அவைதான் வழி. அவற்றைப் புதிய கார்டில் செருகவே வேண்டாம்.

சோதனைக்குச் செய்த வர்ச்சுவல் டிஸ்க்கை அழித்துவிட்டு, புதிய டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாக, அதாவது அர்ரேயாக உருவாக்குங்கள். வர்ச்சுவல் டிஸ்க் பழையதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். கொஞ்சம் குறைந்தாலும் குளோன்ஜில்லா இறக்க மறுக்கும். எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் பூட் ஆகும் சர்வர் என்றால் 2 டிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது. அதனால் நான் சிஸ்டத்துக்கு 600 ஜிபியில் ஒரு வர்ச்சுவல் டிஸ்க்கும், மீதியில் தரவுக்கு இன்னொன்றும் பிரித்தேன். கார்டில் பேட்டரி இல்லையென்றால் ரைட்-பேக் கேஷை (டிஸ்க்கில் எழுத வேண்டியதை முதலில் கார்டின் நினைவகத்தில் வைப்பது) இயக்காதீர்கள். கரண்ட் போனால் கேஷில் இருப்பதெல்லாம் போய்விடும்.

படி 4: இறக்குதல்

குளோன்ஜில்லாவில் அதே இமேஜை மீட்டெடுங்கள். பயாஸில் பூட் வரிசையில் புதிய கார்டை முதலில் வையுங்கள்.

நீலத்திரை வந்துவிட்டால்

விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் பூட் செய்து கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போங்கள். டிரைவ்லோட் (drvload) கட்டளையால் டிரைவரை ஏற்றியதும் டிஸ்க் தெரியும். சரியாகிவிட்டது என்று நினைத்து நான் மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தேன், மூன்று முறையும் நீலத்திரை. டிரைவ்லோட் ஏற்றுவது, பென்டிரைவிலிருந்து ஓடும் அந்த மீட்புச் சூழலுக்கு மட்டும்தான். சர்வரின் விண்டோஸுக்குள் டிரைவர் போக, டிஸ்ம் (dism) கட்டளையை ஆட்-டிரைவர் (/Add-Driver) விருப்பத்தோடு ஓட்ட வேண்டும். அதை ஓட்டியதும் எங்கள் சர்வர் எழுந்தது.

பின்சேர்க்கை: இதைப் பின்பற்றிய நண்பர் ஒருவருக்கு டிஸ்ம் பிழை காட்டியது. மீட்புச் சூழலில் அவருடைய சி டிரைவ், டி என்ற எழுத்தில் இருந்தது. முதலில் டிர் (dir) கட்டளையால் விண்டோஸ் கோப்புறை எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதையே டிஸ்மிடம் கொடுங்கள்.