உப்புத்தண்ணி ஊரில் சோலார் வாட்டர் ஹீட்டர்

கீழக்கரை, மண்டபம், தொண்டி பக்கம் சோலார் ஹீட்டர் வாங்குபவர்கள் முதலில் போர் தண்ணீரைப் பாருங்கள். வெயிலில் சூடான தண்ணீர் லேசாகித் தானாகவே மேலே தொட்டிக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், மோட்டார் வேண்டாம். ஆனால் உப்பும் சுண்ணாம்பும் கூடிய தண்ணீர், தகடு வகை ஹீட்டரின் (தட்டையான தகட்டில் வெயிலை வாங்குவது) மெல்லிய செம்புக் குழாய்களைச் சீக்கிரம் அடைத்துவிடும். இங்கே அகலமான கண்ணாடிக் குழாய் வகைதான் தாங்கும். தொட்டிக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். தொட்டி அரிக்காமல் இருக்க அது தான் கரைந்துபோகும். வருடம் ஒருமுறை குழாய்களைக் கழுவும்போது அதையும் கழற்றிப் பார்த்து மாற்றுங்கள். பலர் மறந்தே விடுகிறார்கள். கடல்காற்றுக்கு போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகக் கேளுங்கள். முக்கியமாக, காலியாக வெயிலில் காய்ந்த குழாயில் நடுப்பகலில் தண்ணீர் விடாதீர்கள், கண்ணாடி வெடித்துவிடும். விடியற்காலையில் நிரப்புங்கள்.