புது வேலைமுறைக்குப் பயிற்சி தயாரிப்பது எப்படி? ஸ்லைடில் ஆரம்பிக்காதீர்கள்

எங்கள் குடோனில் சரக்கு வரவைப் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் கையில் ஒருநாள் ஸ்கேனரைக் கொடுத்தார்கள். பயிற்சி தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 64 ஸ்லைடு போட்டேன், அரை நாள் பேசினேன், எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றே வாரத்தில் இருப்புக் கணக்கு தாறுமாறு. இரண்டாவது முறை செய்தது சரியாக வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுடையது பில் போடும் வேலையோ, போனில் புகார் வாங்கும் வேலையோ, முறை இதேதான்.

படி 1: பயிற்சிதான் மருந்தா என்று பாருங்கள்

பயிற்சித் துறை நிபுணர்கள் ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970-இல் ஒரு கேள்வி கேட்டார்கள்: உயிரே போகும் என்றால் இந்த ஆள் இந்த வேலையைச் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால் குறை அவருடைய திறமையில் இல்லை. எங்கள் மாலை ஷிப்ட்காரர்கள் துண்டுச்சீட்டில் எழுதி வைத்ததற்குக் காரணம், அந்த நேரத்தில் ஸ்கேனரில் சார்ஜ் இருக்காது. அதற்கு வகுப்பு எதற்கு? இன்னொரு சார்ஜர் போதும்.

படி 2: பக்கத்தில் நின்று பாருங்கள்

நான் சறுக்கிய இடம் இது. முதல் தடவை, நன்றாகச் செய்பவர் ஒருவரிடம் போய் "எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். பெட்டியை எடுப்பேன், ஸ்கேன் செய்வேன், எண்ணிக்கையைச் சரிபார்ப்பேன், சேமிப்பேன், அடுக்குவேன் என்றார். ஐந்து வரி. அதையே ஸ்லைடாக்கிவிட்டேன்.

இரண்டாவது தடவை நோட்டுடன் பக்கத்தில் நின்றேன். ஸ்கேன் செய்வதற்கு முன் அவர் பெட்டியைத் திருப்பினார். கட்டைவிரலால் ஒரு பார்கோடை மறைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த இன்னொன்றை ஸ்கேன் செய்தார்.

"ஏன் அதை மறைக்கிறீர்கள்?"

"எதை?"

அவருக்கே தெரியவில்லை! விஷயம் இதுதான்: 12 பொருள் கொண்ட கட்டுக்கு ஒரு பார்கோடு, உள்ளே இருக்கும் ஒற்றைப் பொருளுக்கு வேறொரு பார்கோடு. கண்ணாடித்தாள் சுற்றிய கட்டுகளில் இரண்டுமே வெளியே தெரியும். ஒற்றைப் பொருளுடையதை ஸ்கேன் செய்தால் 12 வரவேண்டிய இடத்தில் 1 என்று ஏறும். எங்கள் கணக்குக் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரு கட்டைவிரலில் இருந்தது.

கை பழகிவிட்டால் வாய்க்கு அந்த வேலை மறந்துபோகும். அதனால் தேர்ந்தவரைப் பேட்டி எடுத்தால் மட்டும் போதாது. இரண்டு மூன்று தடவை பாருங்கள். அவர் எங்கே ஒரு கணம் நிற்கிறாரோ, அங்கே "இப்போது எதைப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். "தப்பாகப் போனால் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றும் கேளுங்கள். அப்புறம் ஒரு புது ஆள் அதே வேலையைச் செய்வதையும் பாருங்கள். இரண்டு பேருக்கும் எங்கெங்கே வித்தியாசம் வருகிறதோ, அதுதான் பாடத்திட்டம். என் பட்டியலில் வந்தது ஏழே விஷயங்கள். 64 ஸ்லைடில் அவற்றில் இரண்டுதான் இருந்தன.

படி 3: இலக்கை எழுதுங்கள்

"ஸ்கேனரைப் பற்றிப் புரிந்துகொள்வார்கள்" என்று எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. செயல், சூழல், அளவு மூன்றும் வேண்டும் என்று மேகர் 1962-லேயே சொல்லிவிட்டார். நான் எழுதியது: "கலந்து வைத்த 20 பெட்டிகளை, உதவிச்சீட்டை (படிகளைச் சுருக்கமாக எழுதிய தாள்) பார்த்துக்கொண்டு, எண்ணிக்கைப் பிழை ஒன்றுகூட இல்லாமல் வரவு வைப்பார்." இதை எழுதி முடித்ததுமே தேர்வும் தயாராகிவிட்டது.

படி 4: அவர்கள் கை ஓடட்டும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், தொழிற்சாலையையே பார்த்திராதவர்களை வேலைக்குத் தயார் செய்ய அமெரிக்காவில் ஒரு நாலு கட்ட முறை வைத்திருந்தார்கள்: ஆளைத் தயார்படுத்து, செய்துகாட்டு, செய்யவிடு, பின்தொடர். இன்றைக்கும் இதைவிட எளிதான ஒன்றை நான் பார்க்கவில்லை. செய்யும்போது அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யவேண்டும். கை சரியாகப் போய், காரணம் தப்பாக இருந்தால் அப்போதுதான் வெளியே வரும்.

கிழிந்த லேபிள், இரட்டைப் பார்கோடு என்று சிக்கலான பெட்டிகளை வேண்டுமென்றே கலந்து வையுங்கள். மறக்காமல் சோதனைக் கணக்கில் பழக்குங்கள், நிஜக் கணக்கில் வேண்டாம். (எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

படி 5: இடைவெளி விட்டுக் கேளுங்கள்

கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் எழுதினார். திரும்பப் படிப்பதைவிட, பார்க்காமல் நினைவுபடுத்திப் பார்ப்பது ஒரு வாரம் கழித்து அதிகம் நிற்கிறது என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் காட்டினார்கள். ஆகவே 2-ஆம் நாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள் மூன்று மூன்று கேள்விகள் அனுப்புகிறேன். இந்த நாள் கணக்கு என் வசதிக்கு வைத்தது, வேதவாக்கு இல்லை.

படி 6: அளப்பது

பயிற்சியின் பலனை அளக்க அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நாலு மட்டம் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் வந்ததா. கைதட்டல் முதல் மட்டம். நான் மூன்றாவதைத்தான் பார்க்கிறேன்: ஒரு மாதம் கழித்து மறுபடி பக்கத்தில் போய் நிற்பேன்.

கருவிகள்

காகிதம், செல்போன் கேமரா, கூகுள் ஃபார்ம்ஸ். முப்பது பேருக்குள் இருந்தால் இவ்வளவுதான். மூடுல் (Moodle) என்ற ஆன்லைன் வகுப்பு நடத்தும் மென்பொருள் இலவசம்தான், நல்லதும்கூட. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்கும் நேரத்தில் இரண்டு பயிற்சி நடத்திவிடலாம். வீடியோ எடுத்தால் ஒரு வேலைக்கு ஒன்று, இரண்டு நிமிடத்துக்குள். நீளமான வீடியோவை வேலைக்கு நடுவே யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

பின்சேர்க்கை: "படித்ததில் 10 சதவீதம், செய்ததில் 90 சதவீதம் நினைவிருக்கும்" என்ற பிரமிடு படத்தை ஏன் போடவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்த எண்களுக்குப் பின்னால் ஆய்வு எதுவும் இல்லை. இந்தப் படத்துக்கு மூலமான, அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-இல் வரைந்த கூம்பில் சதவீதமே கிடையாது, பிறகு யாரோ ஒட்டியது.

இன்னொரு பின்சேர்க்கை: நெடுநாள் அனுபவசாலிகள் இளையவர்கள் முன்னால் தடுமாறக் கூச்சப்பட்டு, பயிற்சிக்கே வருவதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்களுக்கும் அதே கதைதான். அப்படிப்பட்ட ஒருவருக்கு முந்தின நாளே தனியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சிக்கல் பெட்டிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவரிடம் விட்டேன். போன தடவை அவர் வைத்த 20 பெட்டியில் நானே இரண்டில் தப்பு விட்டேன்.