ஏற்காட்டில் மட்டும் திரும்பிப்போன மெயில்

காபி எஸ்டேட் ஒன்றின் மெயிலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதன்மை சர்வர் சேலம் அஸ்தம்பட்டியில், இரண்டாவது ஏற்காட்டில். யாருக்கெல்லாம் மெயில்பெட்டி உண்டு என்ற பட்டியல் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. சேலத்தில் எழுதுவது ரெப்ளிகேஷன், அதாவது தானாக நகலெடுக்கும் ஏற்பாடு, வழியாக மேலே ஏற்காட்டுக்குப் போகும்.

புதிய கணக்கருக்கு வந்த மெயிலைச் சேலம் வாங்கிக்கொண்டது. ஏற்காட்டில் மெயிலை வாங்கும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸோ, அப்படி ஆளே இல்லை என்று 550 என்ற நிரந்தர மறுப்பு எண்ணைப் போட்டுத் திருப்பியது. முதலில் அங்கே, நிரந்தர மறுப்பைத் தற்காலிக மறுப்பாக்கும் சாஃப்ட் பவுன்ஸை ஆன் செய்தேன். 550 என்பது 450 ஆகிவிடும், அனுப்பிய சர்வர் பிறகு மறுபடி முயலும்.

அப்புறம், நகலெடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ் கட்டளையை ஏற்காட்டில் கொடுத்தேன். சேலத்திலிருந்து மாற்றங்களை வாங்கும் ஐஓ திரெட்டுக்கு 'யெஸ்' என்றது. இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுவார்கள். மாற்றங்கள் வந்து, அவை காத்திருக்கும் ஃபைலான ரிலே லாக்கில் குவிந்துகொண்டுதான் இருந்தன. அவற்றை எடுத்து டேபிளில் போடும் எஸ்கியூஎல் திரெட்தான் 'நோ'. பிழை எண் 1062, அதாவது ஒருமுறைதான் வரவேண்டிய ஒரே கீயில் இரண்டு பதிவு. மழையில் லைன் போயிருந்தபோது மலைமேல் யாரோ அங்கேயே ஒரு பெட்டி உருவாக்கியிருக்கிறார்கள். அதே முகவரி பிறகு சேலத்திலும் உருவானது. அந்த இடத்திலேயே நகலெடுப்பு நின்றுபோனதால், பின்னால் வந்த கணக்கரின் பதிவும் ஏறவில்லை.

பிழையை ஸ்கிப் செய்துவிடு என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை, இரண்டு பக்கமும் வேறுவேறாகவே நின்றுவிடும். பதிவுகளை ஒப்பிட்டு, மாற்றங்களைக் குறித்துவைக்கும் பைனரி லாக்கை அந்த செஷனுக்கு மட்டும் அணைத்து, ஏற்காட்டில் இருந்த அந்தப் பதிவை நீக்கி, ஸ்டார்ட் ரெப்ளிகா கொடுத்தேன். குவிந்ததெல்லாம் மளமளவென ஏறியது. சரி, சாஃப்ட் பவுன்ஸை எடுத்துவிட்டு, ஏற்காட்டில் யாரும் நேரடியாக எழுத முடியாதபடி சூப்பர் ரீட் ஒன்லியும் போட்டாயிற்று. வெறும் ரீட் ஒன்லி, முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கைத் தடுக்காது.

இந்த ரெப்ளிகேஷன் பட்டியலை மட்டும்தான் நகலெடுக்கும். பெட்டிக்குள் இருக்கும் மெயிலுக்கு, மெயில்பெட்டிகளைக் கவனிக்கும் மென்பொருளான டவ்காட்டின் டிசிங்க் தனியாக ஓடுகிறது.