சின்னப் பலகைகளை மட்டமாக்க ஒரு ரூட்டர் ஜிக்

ஏற்காட்டு காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் வெட்டுத்துண்டுகள் அழகான மரம்தான். ஆனால் காயும்போது முறுக்கிக்கொள்ளும். ஓரடி நீளத் துண்டை மில்லில் இழைக்கத் தயங்குவார்கள். உருளைகளுக்கு நடுவே பிடிமானம் இல்லாமல் எகிறிவிடும். இழைப்புளியில் கை பழகியவருக்கு ஜிக் தேவையில்லை. மற்றவர்களுக்கு இந்த ஜிக், அதாவது வேலைக்கு வழிகாட்டும் சட்டம்: பலகையின் இருபுறமும் ரெயில், அதன்மேல் நகரும் ஸ்லெட் என்ற தட்டு, அதில் ஓடி மேட்டைச் சீவும் டிரிம்மர் (சுழலும் பிட்டால் மரம் வெட்டும் சின்ன ரூட்டர்).

கீழே உள்ள அளவு 300 × 200 மி.மீ., 35 மி.மீ. கனம் வரையிலான பலகைக்கு, 90 மி.மீ. அடித்தட்டுள்ள டிரிம்மருக்கு. உங்கள் டிரிம்மரை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அடிப்பலகை: 18 மி.மீ. பிளைவுட், 500 × 360. நீளப்பக்கம் இரண்டிலும் ரெயில். ஒவ்வொன்றும் 18 மி.மீ. பிளைவுட் பட்டை இரண்டை ஒட்டியது, 50 மி.மீ. உயரம். நான்கு பட்டைகளையும் ரம்பத்தின் அளவை அசைக்காமல் ஒரே மூச்சில் அறுக்க வேண்டும். இந்த ஜிக்கின் உயிரே இங்கேதான். ரெயிலில் அரை மி.மீ. கூடினால் அது அப்படியே பலகையில் இறங்கும்.

ரெயில் பொருத்தியதும் எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூல் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் ஒன்றையொன்று உரசியும் உரசாமலும் தொட வேண்டும். மேல் நூலைக் கீழே மாற்றிக் கட்டினாலும் அப்படியே இருக்க வேண்டும். இடைவெளி விழுந்தாலோ ஒன்றை ஒன்று அழுத்தினாலோ அடிப்பலகை முறுக்கியிருக்கிறது. சமையல் மேடைக்கு அறுத்து மிஞ்சிய பாலிஷ் போட்ட கிரானைட் துண்டின் மேல் வைத்து, ஆடும் மூலைக்கு அட்டை கொடுத்துச் சரிசெய்யலாம்.

ஸ்லெட்: 9 மி.மீ. பிளைவுட், 430 × 131. இரு விளிம்பிலும் 20 × 40 தேக்கு ரீப்பரைக் குத்துவாக்கில் நிறுத்தி ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள். ரீப்பர் இல்லாவிட்டால் ஸ்லெட் நடுவில் தொய்ந்து, பலகை நடுவிலும் குழி விழும். நடுவே 240 × 24 மி.மீ. துவாரம். டிரிம்மர் 306 மி.மீ. தூரத்துக்குள் நிற்க இருபுறமும் தடைக்கட்டை வையுங்கள், இல்லையென்றால் பிட் துவாரத்தின் முனையைத் தின்னும். அடியில், ரெயிலுக்கு வெளிப்புறம், 1 மி.மீ. இடம் விட்டு வழிகாட்டிக் கட்டை. உரசும் இடங்களில் மெழுகுவர்த்தி தேயுங்கள்.

பிட்: 19 மி.மீ. கார்பைடு, அடி தட்டையானது. வேகம் குறைக்க வழியில்லாத டிரிம்மரில் இதைவிடப் பெரியதைப் போடாதீர்கள். தண்டு 20 மி.மீ. ஆவது கோலட்டுக்குள், அதாவது பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்க்குள், இருக்கட்டும். அடிவரை தள்ளிவிட்டு 2 மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள். பிட் மாற்றும்போது பிளக் கழன்றிருக்க வேண்டும்.

முதல் முயற்சியில் பலரும் தடுக்கி விழுவது பிட் எட்டாமல். பலகைக்கு அடியில் பிளைவுட் துண்டுகள் கொடுத்து, அதன் மேட்டுப்பகுதி ரெயில் மட்டத்துக்கு ஒரு நூல், அதாவது 3 மி.மீ., கீழே வரும்படி உயர்த்துங்கள். ஆடும் மூலைக்கு ஆப்பு. நாலு பக்கமும் கட்டை வைத்து ஆப்பால் இறுக்குங்கள்; கட்டை பலகையைவிட 6 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். மேலிருந்து அழுத்திப் பிடிக்காதீர்கள். முறுக்கு அமுங்கி, விட்டதும் திரும்ப வரும்.

ஒரு வெட்டுக்கு 1 மி.மீ. ஆழம், கடைசி வெட்டுக்கு 0.3. டிரிம்மரை உங்களிடமிருந்து எதிர்ப்பக்கம் தள்ளும்போது வெட்டாத மரம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும், அதாவது வேலை வலமிருந்து இடமாக நகரும். திருப்பிப் போனால் பிட் மரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். வெட்டிய தடத்திலேயே திரும்பி வந்த பிறகுதான் ஸ்லெட்டை 10 மி.மீ. நகர்த்துங்கள். பிட் வெளியேறும் விளிம்பில் சிராய் பெயரும், சில்வர் ஓக்கில் கூடுதலாகவே. அந்தப் பக்கத்துக் கட்டையை மட்டும் பலகையின் உயரத்துக்கே வைத்து, சேர்த்து வெட்டவிடுங்கள்.

வரி வரியாகப் படி விழுந்தால் மூன்றில் ஒரு காரணம்: டிரிம்மர் அடித்தட்டு சாய்ந்திருக்கிறது, கோலட் தளர்ந்து பிட் இறங்கியிருக்கிறது, இல்லை ரெயிலில் தூள் படிந்து ஸ்லெட் தூக்கியிருக்கிறது. பெரும்பாலும் தூள்தான். ஒவ்வொரு தடவையும் தட்டுங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம்.

முதல் முகம் மட்டமானதும் கவிழ்த்து, அடியில் ஆப்பு இல்லாமல் இரண்டாம் முகம். ஒரே பக்கம் அதிகம் சீவினால் பலகை மறுபடி வளையும். மலையிலிருந்து இறக்கிய மரத்தைச் சேலத்து வெயில் இன்னும் காயவைக்கும். அதனால் இரண்டு வாரமாவது ரீப்பர் இடைவிட்டு அடுக்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இறுதி அளவுக்கு 1 மி.மீ. மிச்சம் வைத்து, சில நாள் கழித்து முடித்தால், அதற்குள் வந்த வளைவும் அந்த மி.மீ.யோடு போய்விடும்.