சைக்கிள் ஓட்டினால் கட்டைவிரல் வலிக்கிறதா? சீட்டிலிருந்து தொடங்குங்கள்

கை வலி என்றதும் பலரும் முதலில் வாங்குவது கையுறை. நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். கையில் இவ்வளவு எடை ஏன் விழுகிறது என்று பார்த்துச் சரிசெய்தால், பல நேரங்களில் செலவே இருக்காது. ஒரு ஆலன் கீ செட்டும் ஸ்பேனரும் போதும்.

1. வலி எங்கே என்று பாருங்கள்

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் அந்தப் பக்கத்தில் ஓடும் அல்நார் நரம்பு ஹேண்டில் பாரில் அழுந்துகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால், மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு அழுந்துகிறது.

மரத்துப்போகாமல் வலி மட்டும் இருக்கிறதா? கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். மணிக்கட்டின் கட்டைவிரல் ஓரத்தில் சுரீரென்று வலித்தால், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் உறை வீங்கியிருக்கலாம். பாட்டில் மூடி திறக்கும்போது கட்டைவிரலின் அடிமூட்டு வலித்தால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது அதிகம்.

2. சீட்

சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க நாள் முழுக்கக் கைகள் தள்ளிக்கொண்டே இருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைச் சீட்டின் மேல் நீளவாக்கில் வையுங்கள். சீட்டுக்கு அடியிலுள்ள கிளாம்பைத் தளர்த்தி, மட்டமாக்கி, நன்றாக முறுக்குங்கள். சீட் அளவுக்கு மீறி உயரமாக இருந்தாலும் எடை முன்னால்தான் போகும்.

சரியா என்று தெரிந்துகொள்ள, ஆளில்லாத சாலையில் ஓட்டும்போது பிடியை லேசாகத் தளர்த்துங்கள். உடம்பு முன்னால் சரியக் கூடாது.

3. ஹேண்டில் பார்

பழைய மாடல் சைக்கிளில் ஸ்டெம்மின் (ஹேண்டில் பாரைத் தாங்கும் தண்டு) மேலுள்ள போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, மேலே மரக்கட்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் விட்டுக்கொடுக்கும். கொஞ்சம் உயர்த்துங்கள். ஸ்டெம்மில் இருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியவே கூடாது. புதிய மாடலில் ஸ்டெம்முக்குக் கீழே இருக்கும் ஸ்பேசர் வளையங்களை மாற்ற வேண்டும், அதைக் கடையில் கொடுத்துச் செய்வதே நல்லது.

4. பிரேக்கும் கியரும்

கட்டைவிரல் வலிக்காரர்கள் இந்தப் படியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். பிரேக் லீவரில் விரல் வைக்கும்போது முன்கையிலிருந்து விரல்வரை ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மடிந்தால் லீவர் கிளாம்பைத் தளர்த்திச் சுழற்றுங்கள். பல லீவர்களில் கைப்பிடிக்கும் லீவருக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கும் சின்ன ஸ்க்ரூவும் உண்டு. கை சிறியவர்களுக்கு அது பெரிய உதவி. கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பித் தண்டால் இயங்கும் பிரேக் வண்டியில் இதெல்லாம் முடியாது, அங்கே ஹேண்டில் பார் உயரத்தை மட்டும் சரிசெய்யலாம்.

கட்டைவிரலால் அழுத்தும் கியர் ஷிஃப்டர் தேய்ந்த மூட்டுக்கு ஆகவே ஆகாது. நம் ஊர்ப் புழுதியில் கியர் கேபிள் இறுகிவிடும், அப்புறம் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இரட்டிப்பு பலம் தேவைப்படும். உள் கம்பியையும் வெளி உறையையும் புதிதாகப் போட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், கைப்பிடியை முறுக்கி கியர் மாற்றும் வகைக்கு மாறலாம். அதில் வேலை மொத்த உள்ளங்கைக்கும் பிரிந்துவிடும்.

இவற்றில் ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, வழக்கமான சாலையிலேயே ஓட்டிப் பாருங்கள். அப்போதுதான் எது பலன் தந்தது என்று புரியும்.

5. ஓட்டும் விதம்

முழங்கையை லேசாக மடக்கி, சில நிமிடத்துக்கு ஒருமுறை கை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த வரம்புக்குள் குறைந்த அளவை வைத்தால் அதிர்வு குறையும். தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல் விட்டுவிட்டு அழுத்துங்கள், நடுவில் நிறுத்திக் கையை உதறுங்கள். தர்மபுரி-சேலம் நெடுஞ்சாலையிலுள்ள தொப்பூர் கணவாயை விட்டுவிடுங்கள். அந்த லாரி நெரிசலில் கைவலியோடு இறங்குவது ஆபத்து.

கையுறையும் தடித்த கிரிப்பும் இதற்கெல்லாம் பிறகுதான்.

6. எப்போது டாக்டர்

ஓட்டாத நாளிலும் மரத்துப்போவது, சட்டைப் பித்தான் போட முடியாத அளவு பலவீனம், கட்டைவிரலடிச் சதை வற்றுவது, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டலாம். கட்டைவிரலை அசையாமல் வைக்கும் பட்டை போடச் சொன்னால், அதைப் போட்டபடி பிரேக் முழுவதும் பிடிக்க முடிகிறதா என்று வண்டி நிற்கும்போதே சோதியுங்கள். முடியாவிட்டால் பட்டை கழற்றும்வரை சைக்கிள் வேண்டாம்.